மூளை அழற்சிக்கு மஞ்சள் காப்ஸ்யூல்: வாங்கும் முன் படியுங்கள்

அம்மாவுக்கு அல்சைமர். மஞ்சள் கிழங்கிலுள்ள குர்குமினை அடைத்த காப்ஸ்யூல் இது, தம்பி இணையத்தில் தேடி வாங்கியது. ‘மூளை அழற்சியைத் தணிக்கும், நினைவை மீட்கும்’ என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கிறது. காப்ஸ்யூல் சிறியது, வாடை இல்லை, அம்மா முகம் சுளிக்காமல் விழுங்கினார். ஒரு டப்பா தீர்ந்துவிட்டது. கேட்டதையே திரும்பக் கேட்பதும், சாயங்காலமானால் வாசலுக்கும் அறைக்கும் நடப்பதும் அப்படியேதான் இருக்கின்றன.

அல்சைமரில் அழற்சிக்கு, அதாவது உடலின் தற்காப்பு எதிர்வினைக்கு, பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் உள்ளே வைத்திருக்கும் துண்டுத்தாள் அழற்சியை வெறும் எதிரியாகக் காட்டுகிறது. மூளையில் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் படியத் தொடங்கினால் அதை விழுங்குவதும், சுற்றி வளைத்துப் பரவாமல் பார்ப்பதும் இவைதான். படிவு வருடக்கணக்கில் நீடித்தால் இதே செல்கள் ஓயாமல் அழற்சிப் பொருள்களைச் சுரந்து, நரம்பு செல்களின் இணைப்புகளையே அழிக்கின்றன. இன்னொரு பக்கமும் இருக்கிறது. மைக்ரோக்ளியாவின் வேலைக்குத் தேவையான ட்ரெம்2 மரபணுவில் ஓர் அரிய மாற்றம் இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்று 2012இல் தெரியவந்தது. காவல் மந்தமானாலும் ஆபத்துதான். அப்படியிருக்க, ‘தணித்தால் சரியாகிவிடும்’ என்று எப்படி எழுதுகிறார்கள்?

அழற்சியைத் தணிக்க இதைவிடப் பலமான மருந்துகளையே ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். குடும்பத்தில் இந்த நோய் உள்ள முதியவர்களுக்கு நாப்ராக்சன், செலிகாக்சிப் என்ற அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகளைக் கொடுத்த பெரிய ஆய்வில், இதயத்துக்கு ஆபத்து என்ற கவலையால் 2004இல் மருந்தை நிறுத்தினார்கள். பிறகு தொடர்ந்து கவனித்தும் நோயைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அதற்காக மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குர்குமினால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. முதியவர்களுக்கென்றே விற்கும் பொருளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபம் இதில்தான். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதுவும் அம்மாவுக்குக் கிடையாது என்று பார்த்த பிறகே டாக்டர் சம்மதித்தார்.

நினைவை மீட்கும் என்ற வரியை எடுத்து, எச்சரிக்கையை அச்சிடும்வரை நாங்கள் மறுபடி வாங்கப் போவதில்லை. வாங்கியே தீருவேன் என்பவர்கள், வீட்டில் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.