டி45: பத்து வருசம் சார்ட்டில், ஆறு வருசம் வீட்டில்

கோவை சரவணம்பட்டியில் மெடிக்கல் கோடிங் வேலைக்குச் சேர்ந்தது 2015 கடைசியில். நோயாளியின் மருத்துவக் குறிப்பை, அதாவது சார்ட்டைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணைப் போடும் வேலை. அந்த வருசம் அக்டோபர் 1-ஆம் தேதிதான் அமெரிக்காவில் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க்கோடுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருந்தது. பழைய ஐசிடி-9-இல் ஊறிய சீனியர்களும் புதுசாகப் போன நாங்களும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒன்றாகத்தான் கற்றுக்கொண்டோம். அன்றிலிருந்து தினமும் புழங்கும் அந்தத் தொகுப்பில் ஒரே ஒரு கோடு பற்றி எழுதுகிறேன். டி45, பாலிசைதீமியா வேரா.

எலும்பு மஜ்ஜை கட்டுப்பாடில்லாமல் சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் அரிய நோய் இது. ரத்தம் கெட்டிப்பட்டு, காலிலோ மூளையிலோ கல்லீரலிலோ கட்டி தட்டலாம். 2005-இல் ஜாக்-2 மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்த நோயாளிகளில் 100-க்கு 95 பேரிடம் அது இருக்கும்.

கோடுக்கு வருகிறேன். தொகுப்பின் அகரவரிசை இண்டெக்ஸில் 'பாலிசைதீமியா' என்ற சொல்லைத் தேடினால், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'செகண்டரி' என்று போட்டு டி75.1 என்று இருக்கும். எங்கள் தொழிலில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லை டாக்டர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கோடு மாறாது. அதாவது டாக்டர் வெறுமனே 'பாலிசைதீமியா' என்று எழுதினால் அது நேராக டி75.1-க்குப் போய்விடும். புகை, நுரையீரல் கோளாறு, மலைப்பிரதேச வாசம் போன்ற வேறு காரணத்தால் சிவப்பணு கூடியது என்று அர்த்தம். கீழே இறங்கி 'வேரா' என்ற வரியைப் பிடித்தால்தான் டி45. போதாததற்கு டி45-க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்-1 குறிப்பு வேறு. அந்தக் குறிப்பில் டி75.1 இருப்பதால், ஒரே நோய்க்கு இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. ஜாக்-2 பாசிட்டிவ் ரிப்போர்ட் கண்ணெதிரே இருந்தாலும் அதைப் பார்த்து நாங்களாக 'வேரா' சேர்க்கக் கூடாது. லேப் ரிசல்ட்டை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது கோடரின் வேலை அல்ல. டாக்டரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் நாலு வருசம் எனக்கு வெறும் ஆடிட் மார்க் விசயம். 2019-இல் அப்பாவுக்கே வந்தது.

சோமனூரில் தறி ஓட்டியவர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவற விடமாட்டார். அந்த வருசம் மாசியில், வெந்நீர் ஊற்றிக் குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தொடையையும் பறட்டுப் பறட்டென்று சொறிந்தார். "தண்ணி பட்டாப் போதும், முள்ளுக் குத்தற மாதிரி இருக்குது அம்மிணி" என்றார். மேலில் தடிப்பு, சிவப்பு எதுவுமே இல்லை. "அரப்புல என்னத்தையோ கலந்துட்டானுங்க" என்று அம்மா கடைக்காரரைத் திட்டினார். குளித்தபின் வரும் அரிப்பு இந்த நோயின் அறிகுறி என்று அத்தனை சார்ட்டில் படித்தவள் நான். என் அப்பாவோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. ரெண்டு மாசம் கழித்து இடது கால் வீங்கியது. ரத்தக்கட்டு. ஹீமோகுளோபின் 19.4, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் இருக்கும் சதவீதம்) 58.

அட்மிட் செய்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வைத்தியத்தில் குறையே இல்லை. மஜ்ஜை டெஸ்ட் எடுத்தார்கள், ஜாக்-2 பார்த்தார்கள், 350 மில்லி ரத்தம் எடுத்துவிட்டார்கள், ஆஸ்பிரினும் ஹைட்ராக்ஸியூரியாவும் ஆரம்பித்தார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பாலிசைதீமியா, பீடிப் பழக்கம் உண்டு' என்று மட்டும் எழுதிவிட்டார்கள். கிளைம் படிவத்தில் ஐசிடி கட்டத்தில் டி75.1. பீடியால் வந்த கோளாறுக்கு மஜ்ஜை டெஸ்ட் எதற்கு என்று கேட்டு இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

சம்மரியை எடுத்துக்கொண்டு ரத்தநோய் டாக்டரான ஹெமடாலஜிஸ்ட் முன் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை மட்டும் சேர்த்துக் குடுங்க டாக்டர், வேரான்னு" என்று கேட்டேன். இரண்டு நிமிசத்தில் திருத்திக் கொடுத்தார். அது கவுண்டர் கவுண்டராகப் போய் கிளைம் பாஸாக நாற்பது நாள் ஆனது.

இத்தனை வருசப் புழக்கத்தில் டி45 மேல் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை, அது உட்கார்ந்திருக்கும் இடம். டி37 முதல் டி48 வரை 'தன்மை நிச்சயமில்லாத கட்டிகள்' என்ற தலைப்பு, அதாவது புற்றுநோயா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாதவை. புற்றுநோய்ப் பதிவுக்கான ஐசிடி-ஓ மூன்றாம் பதிப்பிலோ இதே நோய்க்கு 9950/3. அந்த /3 என்றாலே புற்றுநோய். குறிப்பிட்ட பெரிய நோய் வந்தால் பணம் தரும் கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிகளின் புற்றுநோய் வரையறையில் 'தன்மை தெரியாத கட்டி' விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பாலிசி வைத்திருப்பவருக்கு இந்தத் தலைப்பு எவ்வளவு பெரிய வம்பு என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்டவர் மஜ்ஜை அறிக்கையையும் ஜாக்-2 அறிக்கையையும் கையிலேயே வைத்திருக்கட்டும். 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-இல் இதை ரத்தப் புற்றுநோய்களோடு 2ஏ20 வரிசையில் வைத்திருக்கிறார்கள். நம்மூர் கிளைம் படிவங்களில் இன்னும் ஐசிடி-10 கட்டம்தான்.

இன்னொரு குறை, இந்தக் கோடுக்குப் புள்ளிக்குப் பின் எதுவும் கிடையாது. அடுத்த டி46-க்கு வரிசையாக உட்பிரிவுகள். இங்கே ஜாக்-2 உண்டா, ரத்தக்கட்டு வந்தவரா, ஒன்றும் தெரியாது. ரத்தக்கட்டைத் தனிக் கோடாகத்தான் சேர்க்க வேண்டும். பின்னாளில் மஜ்ஜை நார்பிடித்துப் போனால் டி47.4-க்கு மாறும்.

நல்லதும் ஒன்று சொல்லணும். பிசிவி 45-க்குக் கீழே இருக்கணும் என்பது 2013-இல் ஒரு பெரிய ஆய்வு உறுதி செய்த எல்லை. கோடும் 45, எல்லையும் 45. அப்பாவுக்கு நான் அப்படித்தான் மனப்பாடம் செய்ய வைத்தேன்.

இப்போது வெந்நீர் இல்லை, ஆறின தண்ணிதான். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறார். போன வாரம் பிசிவி 43.6. சீட்டை வாங்கியதும் எண்ணைப் பார்க்கும் முன்னாலேயே மேலே நோய்ப் பெயர் வரியில் விரலை வைத்து, "வேரா போட்டிருக்குதா பாரு அம்மிணி" என்றார். போட்டிருந்தது.