கயிறு கட்டுவதா, கரையையே மூடுவதா?

கலிஃபோர்னியாவின் ஸ்னோயி ப்ளோவர் உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் கடற்கரைப் பறவை. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து, பெரும்பாலும் 3 முட்டைகள் இடும். மணல் நிறத்தில் புள்ளி போட்ட முட்டைகள். காலடியில் கிடந்தாலும் கண்ணில் படாது. ஆளோ நாயோ நெருங்கினால் பறவை எழுந்து ஓடிவிடும். அப்புறம் முட்டைக்கு வெயிலும் காகமும்தான்.

சாண்டா பார்பரா அருகே கோல் ஆயில் பாயின்ட் காப்பகத்தில் கரையை மூடவில்லை. 2001-இல் பறவை முட்டையிடும் மேல்மணலைக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். அலையோரம் நடக்கலாம். தன்னார்வலர்கள் நின்று, நாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள், பறவையைக் காட்டுகிறார்கள். பல்லாண்டுகளாகக் குஞ்சு பொரிக்காத கரை அது, மறுபடியும் பொரித்தது.

வடக்கே வாண்டன்பெர்க் படைத்தளத்தில் கண்டிப்பு. மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை கரையின் பெரும்பகுதிக்கு அனுமதி இல்லை. சர்ஃப் கடற்கரையில் திறந்திருக்கும் சிறு பகுதியிலும் அத்துமீறல்கள் 50-ஐ எட்டினால் அந்தப் பருவம் முழுக்க மூடல்தான்.

பறவைக்கு எது நல்லது? சந்தேகமில்லாமல் மூடுவதுதான். பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் இரை தேடிக் கயிற்றைத் தாண்டி ஈரமணலுக்கு ஓடுகின்றன. அங்கே கயிறு காப்பாற்றாது, பக்கத்தில் நிற்கும் ஆள்தான் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஊரை ஒட்டிய கரையை ஏழு மாதம் பூட்டினால் மக்களின் கோபம் பறவைமேல் திரும்பும். அங்கே என் தேர்வு கயிறுதான், விடியலிலிருந்து ஆள் நிற்பதாக இருந்தால். ஆள் போட முடியாத நீண்ட தனிக்கரை என்றால், தயங்காமல் மூடிவிடலாம்.