ஆசிட்டா, பிரஷரா, ஊறவைத்துத் தேய்ப்பதா? நீச்சல்குளத் தளத்துக்கு எது நல்லது

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் எங்கள் குடியிருப்பில், நீச்சல்குளத்தைச் சுற்றிச் சுமார் 1,400 சதுர அடிக்குக் கோட்டா கல் பதித்திருக்கிறது. போன செப்டம்பரில் அதைச் சுத்தம் செய்ய மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதலில் வந்தவர் நின்ற இடத்திலிருந்தே, "ஆசிட் அடிச்சா அரை நாள் வேலை சார்" என்றார். இரண்டாவது ஆள் தன்னிடம் இருக்கும், தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் பிரஷர் மெஷினை போனில் காட்டினார். மூன்றாவதாக வந்தவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்தார். கட்டடத்து நிழல் பத்து மணி வரைக்கும் விலகாத மூலையில் குனிந்து, நகத்தால் சுரண்டி, விரலை மோந்து பார்த்தார். "இது வெறும் பாசி இல்லீங்க, எண்ணெயும் சேர்ந்திருக்கு" என்றார்.

எங்கள் சங்கத்தில் குளத்துப் பொறுப்பை எட்டு வருடமாக நான் பார்க்கிறேன். இந்த மூன்று வழிகளையுமே இதே தளத்தில் வெவ்வேறு வருடங்களில் செய்து பார்த்தாயிற்று. எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், காலுக்குக் கீழே என்ன கல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விலை சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்பதே இல்லை.

ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா, ஆந்திரத்துக் கடப்பா, தெலங்கானாவின் தந்தூர் மூன்றும் சுண்ணாம்புக் கல் வகை. கிரானைட் அப்படி இல்லை, அதைப் புளிப்பு அவ்வளவு எளிதில் தொடாது. வீட்டில் என்ன கல் என்று சந்தேகமாக இருந்தால், கண்ணில் படாத ஓரமாகப் பார்த்து எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சாறு பட்ட இடம் மங்கிப் போயிருந்தால் அது சுண்ணாம்புக் கல். எலுமிச்சைக்கே மங்குகிற கல், ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தாங்குமா?

ஆசிட்

தாங்காது. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் தளத்தில் ஆசிட் அடித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாளியிலிருந்து ஊற்றியதும் கல் மேல் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரை பொங்கியது. அழுக்கு கிளம்புகிறது என்று வேலை பார்த்தவர் சொன்னார், நானும் நம்பினேன். உண்மையில் அங்கே கரைந்தது கல்லேதான். சுண்ணாம்புக் கல்லும் ஆசிட்டும் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும், அந்த வாயுதான் நுரையாகத் தெரிந்தது. கழுவி முடித்ததும் தளம் பளிச்சென்று வெளுத்திருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு மழைக்காலம்கூட நிற்கவில்லை. மேல்தோல் போன கல்லில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்துவிடும். பாசிக்கு வேண்டியது அந்தக் குழியும் கொஞ்சம் ஈரமும்தான். முன்பு மூலையில் மட்டும் இருந்த பச்சை, டிசம்பருக்குள் படிக்கட்டு ஓரம் வரை வந்துவிட்டது. கற்களுக்கு நடுவே இருந்த சிமென்ட் ஜாயின்ட்டும் உதிர ஆரம்பித்தது. ஏணியின் ஸ்டீல் கைப்பிடியில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. கடற்காற்று படும் இடத்தில் ஸ்டீலுக்கு ஏற்கெனவே கஷ்டம், அதன்மேல் ஆசிட் ஆவியும் பட்டால் எப்படித் தாங்கும்?

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. குளத்துப் பம்ப் ரூமில் ஆசிட் கேனும் குளோரின் கேனும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஆசிட் ஊற்றிய தளத்தை நன்றாகக் கழுவாமல் அதன் மேலேயே பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். மூடிய பம்ப் ரூமுக்குள் நடந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையுறைகூட இல்லாத தினக்கூலிக்காரர்கள். அவர்கள் உடம்புக்கு ஏதாவது ஆனால், ஆசிட்டை ஒப்புக்கொண்ட நமக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது.

ஆசிட்டுக்கு இடமே கிடையாதா என்றால், ஒரே ஓர் இடம் உண்டு. புதிதாகப் பதித்த விட்ரிஃபைட் டைல்ஸ் மேல் சிமென்ட் பூச்சு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தால், நன்றாக நீர்த்த ஆசிட்டால் ஒரு முறை துடைத்து உடனே கழுவலாம். அதற்கு முன் ஜாயின்ட்டை நன்றாக நனைத்துவிட வேண்டும். வருடா வருடம் செய்யும் பராமரிப்பில் ஆசிட் வேண்டவே வேண்டாம்.

பிரஷர் மெஷின்

இதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரியான கையில் இருந்தால் நல்ல கருவி. வீட்டு உபயோக மெஷின்கள் 100 முதல் 130 பார் வரை அழுத்தம் தரும், தொழில்முறை மெஷின்கள் 200 பாருக்கு மேலும் போகும். ஆனால் தளம் பிழைப்பதும் பாழாவதும் முனையில் மாட்டும் நாசிலைப் பொறுத்தது. சிவப்பு நாசில் 0 டிகிரி, தண்ணீர் ஊசி மாதிரி ஒரே புள்ளியில் பாயும். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 டிகிரிக்கு விசிறி போல விரியும். சிவப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் உங்கள் தளத்தில் நின்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கல்லில் கோடு விழும், அந்தக் கோடு அப்புறம் போகவே போகாது.

எங்களுக்கு நேர்ந்தது வேறு விதமான தொல்லை. மூன்று வருடத்துக்கு முன் வந்த ஆள் முனையைக் கல்லிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு வரிவரியாக அடித்தார். காய்ந்த பிறகு பார்த்தால் புலிக்கு இருப்பது போலத் தளம் முழுக்க வரிகள். மூன்று இடத்தில் ஜாயின்ட் பெயர்ந்து கீழே மணல் தெரிந்தது. அழுக்குத் தண்ணீர் முழுக்கக் குளத்துக்குள் தெறித்துவிட்டது. அதிலிருந்த பாசியும் மண்ணும் குளத்தின் குளோரினைத் தின்றுவிட, தண்ணீர் தெளிய நான்கு நாள் ஆனது. பிள்ளைகள் அந்த நான்கு நாளும் குளத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வரிகள் வராமல் இருக்க, முனையில் வட்ட மூடி மாதிரி ஒன்றை மாட்டுவார்கள். அதற்குள் இரண்டு நாசில்கள் சுழலும். தண்ணீர் வெளியே தெறிக்காது, அழுத்தமும் சீராக விழும். "வட்ட அட்டாச்மென்ட் இருக்கா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

சொரசொரப்பாகச் சுட்டெடுத்த ஃப்ளேம்டு கிரானைட், வெறும் கான்கிரீட், பேவர் பிளாக் இவற்றுக்குப் பிரஷர்தான் என் முதல் தேர்வு. கிரானைட்டின் சொரசொரப்புக்குள் பிரஷ் நார் போகாது, தண்ணீர் போகும். பேவர் பிளாக் என்றால் முடிந்த பிறகு இடுக்குகளில் திரும்ப மணல் நிரப்ப வேண்டும், அதையும் விலையில் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். கோட்டாவுக்கு வெள்ளை நாசிலும் குறைந்த அழுத்தமுமாக, கழுவிவிட மட்டும் நான் அனுமதிப்பேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு நின்ற ஊர் இது. நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுக்கும் மெஷின் இரண்டு மணி நேரம் ஓடினால் 1,800 லிட்டர் செலவாகும். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் சாதாரண ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டு நாள் முழுக்கக் கழுவுவதோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். தண்ணீர்க் கணக்கில் பிரஷர் மெஷினைக் குறை சொல்ல முடியாது.

ஊறவைத்துத் தேய்ப்பது

மூன்றாவது ஆளுக்குத்தான் வேலையைக் கொடுத்தோம். இரண்டு பேர், ஒன்றரை நாள். விலையும் மூன்றில் அதுதான் அதிகம். செய்த முறையைப் பக்கத்தில் நின்று பார்த்ததால் விவரமாகவே சொல்கிறேன்.

காலை ஆறரைக்கு வந்தார்கள். வெயில் ஏறிய கல்லில் மருந்து ஊற்றினால் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். முதலில் ஓரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு நனைத்தார்கள், வேர் மருந்தை இழுக்காமல் இருக்க. குளத்து விளிம்பில் ஈரத் துணியைச் சுருட்டி வரப்பு மாதிரி கட்டினார்கள். அப்புறம் காரச் சோப்புக் கரைசலை அந்த நிழல் மூலையிலும் சாய்வு நாற்காலிகள் கிடக்கும் பக்கத்திலும் மட்டும் ஊற்றி, நைலான் பிரஷால் தேய்த்தார்கள். வாளித் தண்ணீர் இளம் மஞ்சளாக மாறியது. எண்ணெய் தேய்த்த தலையோடு ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகளும், வெயிலுக்குப் பூசும் கிரீமும் சேர்ந்து விட்டுச் சென்ற பிசுக்கு அது. பிசுக்கு மேலே இருக்கும்வரை பாசிக்கு ஊற்றும் மருந்து உள்ளே இறங்காது. நாங்கள் இத்தனை வருடம் பிளீச்சிங்கை வாளி வாளியாக ஊற்றியும் அந்த மூலை சரியாகாததன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சோப்பை முழுக்கக் கழுவிய பிறகு, ஹைப்போ என்று சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவ பிளீச்சிங். கடையில் 10 முதல் 12 சதவீதமாகக் கிடைப்பதை ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து, சுமார் 1 சதவீதமாக்கிப் பூவாளியால் தெளித்தார்கள். கால் மணி நேரம் ஊறியது. பச்சை பழுப்பானது, பழுப்பு வெளிறியது. அப்புறம் தேய்த்துக் கழுவினார்கள். ஸ்டீல் கைப்பிடிகளைத் தனியாக நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்ததையும் கவனித்தேன். ஒன்று நினைவிருக்கட்டும், ஹைப்போ வெயிலிலும், நாள் ஆக ஆகவும் வீரியம் இழக்கும். போன வருடத்துக் கேனைத் திறந்து ஊற்றிவிட்டு "மருந்து கேட்கலை" என்று சொல்லக் கூடாது.

இந்த முறைக்கும் எட்டாதது ஒன்று உண்டு. குளத்து விளிம்புக் கல்லில் எங்கள் போர் தண்ணீர் காய்ந்து காய்ந்து படிந்த வெள்ளைத் தோல் அப்படியே இருக்கிறது. அதுவும் சுண்ணாம்பு, கல்லும் சுண்ணாம்பு, எதைக் கரைக்க வேண்டும் என்று எந்த ஆசிட்டுக்கும் தெரியாது. வைர பேட் போட்ட மெஷினால் லேசாகத் தேய்த்தெடுப்பதுதான் வழி. அதற்குத் தனிச் செலவு. அதேபோல நாள்பட்ட கரும்புள்ளிகளுக்கு இரண்டு மூன்று முறை ஊறவைக்க வேண்டியிருக்கும், ஒரே நாளில் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மரத் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரஷர் அடித்தால் மரத்தின் நார் எழும்பிக் காலில் குத்தும், ஹைப்போவில் நிறம் போகும். சோடியம் பெர்கார்பனேட் பொடியைக் கரைத்து, மர ரேகை ஓடும் போக்கிலேயே மென்மையாகத் தேய்ப்பதுதான் சரி.

சீலர் போட வேண்டுமா

சுத்தம் செய்தவர்கள் அடுத்து, கல்லில் தண்ணீர் ஊறாமல் தடுக்கப் பூசும் சீலரை விற்பார்கள். அதில் இரண்டு வகை. அக்ரிலிக் வகை கல்லின் மேல் படலமாக நிற்கும், ஈரமான கல் போலப் பளபளக்கும். ஃபோட்டோவுக்கு அழகு, ஈரக்காலுக்கு ஆபத்து. வெயிலில் உரியவும் செய்யும், உரிந்த இடத்துக்குள் தண்ணீர் புகுந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். சிலேன், சிலாக்ஸேன் வகை கல்லுக்குள் இறங்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் மாறாது, வழுக்கலும் அதிகமாகாது, தண்ணீர் மட்டும் கல்லில் ஊறாமல் முத்தாக உருளும். குளத்து ஓரத்துக்கு இரண்டாவது வகைதான். போட்ட பிறகு கல்லில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்தாக நிற்காமல் கல் கறுத்தால், வேலை சரியாக நடக்கவில்லை.

கல்லையே மாற்றி டைல்ஸ் போட நினைப்பவர்கள் கடையில் "ஆர் 11" என்று சொன்னதும் திருப்தியாகிவிடக் கூடாது. வழுக்காமல் இருப்பதைக் குறிக்கும் அந்த எண் செருப்புக் காலுக்கானது. ஈரமான வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனித் தரம் இருக்கிறது. குளத்தைச் சுற்றி பி, தண்ணீருக்குள் இறங்கும் படிக்கு சி.

வருட ஒப்பந்தமா, வருடத்துக்கு இரண்டு முறையா

மாதாமாதம் வந்து கழுவும் வருட ஒப்பந்தத்தை இரண்டு வருடம் வைத்திருந்தோம். மாதக் கடைசியில் ஒருவர் வந்து பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவார். இப்போது அதை விட்டுவிட்டோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறை, மழை ஓய்ந்த பின் ஜனவரியில் ஒரு முறை தொழில்முறை ஆட்கள் வருகிறார்கள். மற்ற நாளெல்லாம் எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காவின் கைதான். வாரம் இரண்டு நாள் வெறும் தண்ணீரும் நீளப் பிடி நைலான் பிரஷும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பூட்ஸும் கையுறையும் சங்கச் செலவில் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மார்கழியில் பனி ஈரம் காயவே நேரமாகும், அப்போது மட்டும் தினமும் ஒரு முறை ரப்பர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிடுகிறார்.

தண்ணீர் தேங்கும் தளத்துக்கு எவ்வளவு செலவு செய்தாலும் பாசி திரும்ப வரும். அதனால் வேலை முடிந்த அன்றே நாங்கள் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தோம். நூறு அடிக்கு இரண்டு அடி சாய்வு இருந்தால் தண்ணீர் தானாகக் குளத்தை விட்டு விலகி வடிகாலுக்குப் போய்விடும். எங்கள் நிழல் மூலையில் அது நகரவில்லை, தட்டு அளவுக்கு நின்றது. அந்த ஐந்து கற்களை மட்டும் பெயர்த்து மட்டம் சரிசெய்ய, ஜனவரி வேலையோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.