ஜீலம் கரைப் போர்: சின்னத்திரைக்கு எது பொருந்தும், வியூகமா முரட்டு பலமா?

கி.மு. 326. ஜீலம் ஆற்றின் ஒரு கரையில் யானைப்படையோடு மன்னர் போரஸ், மறுகரையில் அலெக்சாண்டர். தொடர் எடுப்பவருக்கு யானைப் பலம் லட்டு மாதிரி. ஒரே காட்சியில் வேலை முடிந்துவிடும். வியூகம் நேரம் கேட்கும்.

ஆனால் சரக்கு அங்கேதான் இருக்கிறது. அலெக்சாண்டர் இரவுதோறும் குதிரைப்படையைக் கரையோரம் ஓடவிட்டுக் கூச்சல் போட வைத்தார். யானைகளோடு பின்தொடர்ந்த போரஸ், கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார். அதன்பிறகு தன் தளபதி கிரேட்டரஸை முகாமிலேயே நிறுத்திவிட்டு, சுமார் 27 கிலோமீட்டர் மேலே போய், இடிமழை இரவில் மாசிடோனியப் படை ஆற்றைக் கடந்தது. யானையைக் கண்டால் குதிரை மிரளும் என்பதால், யானைகள் நகரும்வரை கடக்காதே என்று கிரேட்டரஸுக்கு உத்தரவு. தடுக்க வந்த தேர்கள் சேற்றில் சிக்கின. கூச்சலை மட்டும் முதலில் காட்டி, காரணத்தை மறைத்து வைத்தால் இதையே மூன்று எபிசோடு ஓட்டலாம்.

பலம் சறுக்கியது நெரிசலில். பாகனை இழந்த, காயம்பட்ட யானைகள் சொந்தப் படையையும் மிதித்தன. இதை விட்டுவிட்டு, போரஸின் தோல்விக்கு ஒரு துரோகியைப் புகுத்துவது திரைக்கதைச் சோம்பேறித்தனம்.