மருந்து கேட்டுப் போனேன், முதலில் மீனைப் பார்த்தார்

என் தொட்டியில் 9 கறுப்பு மொலி மீன்கள் இருந்தன. மாசி மாதக் கடைசியில் ஒன்றின் முதுகில் சேணம் வைத்ததுபோல வெளிறிய பட்டை. அடுத்த நாள் இன்னொன்றின் உதட்டில் அரிசிமா ஒட்டியதுபோல வெள்ளை. வழக்கமாக மீன் வாங்கும் இடத்தில் "பூஞ்சணம்" என்று நீல மருந்து தந்தார்கள். இரண்டே நாளில் 3 மீன் செத்தது. அழுதுவிட்டேன்.

அப்புறம்தான் தருமபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய், ஏ9 வீதியோரம் இருக்கிற இந்தச் சின்ன வளர்ப்பு மீன் கடையைப் பிடித்தேன். பக்டீரியாவைக் கொல்லும் ஒக்சிடெட்ராசைக்கிளின் மருந்து தாருங்கள் அண்ணை என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் தரவில்லை. போத்தலில் கொண்டுபோன மீனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, பூஞ்சணமெண்டால் பஞ்சு மாதிரி நூல் நூலாய் எழும்பி ஆடும். இது தட்டையாய்க் கிடக்கு, ஓரத்தில மஞ்சள் தெரியுது பாருங்கோ. இது பக்டீரியா. கொலம்னாரிஸ்."

பிறகு, கிணற்றுத் தண்ணீரா என்று கேட்டார். எங்கள் கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படியும் என்றேன். கல்சியம் கூடிய தண்ணீரில் நான் கேட்ட மருந்து கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேருவது குறைவு என்று விளக்கினார். இதை எனக்கு யாரும் முன்பு சொன்னதில்லை.

அதற்குப் பதிலாக, பக்டீரியாவுக்கான நைட்ரோபுரசோன் என்ற மஞ்சள் தூளை என் 20 லீற்றர் வாளிக்கு அளந்து, கடதாசியில் மடித்துத் தந்தார். 450 ரூபாய். நோயுள்ள மீன்களை வாளிக்கு மாற்று, எயார் பம்ப் ஓடட்டும், வெளிச்சம் படாமல் மூடு, பில்டரில் கரி இருந்தால் எடு, இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிவிடும். இவ்வளவும் சொல்லித்தான் காசு வாங்கினார். இன்னொன்றும் சொன்னார்: வெள்ளைப் புள்ளி நோய்க்குத் தண்ணீரைச் சூடாக்குவார்கள், இதற்குச் சூடாக்கினால் நோய் இன்னும் வேகமாய் ஓடும். என் தொட்டி யன்னலோரம் 31 பாகையில் இருந்தது. அன்றே நிழலுக்கு நகர்த்தினேன்.

மூன்றாம் நாள் ஒன்று செத்தது. மிச்சம் 5 மீனும் தப்பின. சேணம் விழுந்த மீனின் முதுகில் கறுப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்ததை ஒவ்வொரு காலையும் ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.

எனக்குப் பிடிக்காதது ஒன்று இருக்கிறது. கடையில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலை. இந்த நோய் ஈர வலையிலேயே அடுத்த தொட்டிக்குப் போய்விடும். மடித்துத் தந்த கடதாசியிலும் மருந்தின் பெயரோ திகதியோ இல்லை. இரண்டையும் அவரிடமே சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அங்கே மீன் வாங்கினால் 2 கிழமையாவது தனித் தொட்டியில் விட்டுப் பாருங்கள்.

ஞாயிறு பின்னேரம் கடை பூட்டு. போகிறவர்கள் மீனின் படத்தோடு தொட்டித் தண்ணீரிலும் ஒரு போத்தல் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.