"கார்பரேட்டர் அடைப்பு மட்டும்தான்" என்று சொல்லி ஓடாத எஞ்சினைத் தள்ளிவிடுகிறார்கள், கவனம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலில் இருந்து நீரோடி வரை எங்கள் கரையில் யாராவது பழைய ஓ.பி.எம். (வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற எஞ்சின்) தேடிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். இந்த வியாபாரம் சூடு பிடிப்பது மழைக்காலத்தில்தான். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளத்துக்குத் தடை இல்லை, ஆனால் பல நாள் அலையே இறக்க விடாது. கையில் காசு ஓட்டம் இருக்காது. கடல் அடங்குவதற்குள் எஞ்சினைத் தயார் பண்ணிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருக்கும். அந்த நேரம் பார்த்து வாட்ஸாப் குழுக்களில் "சின்ன வேலைதான் இருக்கு, விலை பேசிக்கலாம்" என்று படங்கள் வரும். அப்படி வந்த ஒரு படத்தை நம்பி எங்கள் வீட்டில் 34,000 ரூபாய் போய்விட்டது.

விற்றவர் ஒரு புரோக்கர். பெயரை எழுதப் போவதில்லை, ஆனால் அவர் வேலை செய்யும் விதத்தை விவரமாக எழுதுகிறேன். இது அவர் ஒருவர் மட்டும் செய்வதும் இல்லை.

எஞ்சின் சுசுகி டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. உறையில் 15 குதிரைச் சக்தி என்று பளபளவென்று ஸ்டிக்கர். "வள்ளக்காரர் கல்ஃபுக்குப் போயிட்டாரு அண்ணே. ஒரு வருஷமா சும்மா கிடக்கு. நிறுத்தும்போது பெட்ரோலுக்கு மாத்தாம விட்டுட்டாங்க, மண்ணெண்ணெய் உள்ளேயே காய்ஞ்சு கார்பரேட்டர் அடைச்சுக்கிச்சு. ஆயிரம் ரூபாய் செலவு பண்ணா ஓடும்" என்றார். கேட்டது 45,000.

இந்தக் கதையின் சாமர்த்தியமே அது நம்பும்படி இருப்பதுதான். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வரும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்த வேண்டும் என்று கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். மாற்றாமல் விட்டால் அடைக்கும் என்பதும் உண்மை. பொய்யைச் சுற்றி இத்தனை உண்மையை அடுக்கி வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

நானும் மச்சானும் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரவில்லை. கயிற்றை இழுத்தோம், கை வலிக்கும் அளவுக்குக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம். கியர்பாக்ஸின் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்தினோம். தேன் நிறத்தில் சுத்தமான எண்ணெய் வந்தது, பால் மாதிரி வெளுக்கவில்லை. அதாவது சீல் வழியாகத் தண்ணீர் ஏறவில்லை. புரொபெல்லரைச் சுற்றினோம், தண்டு வளையவில்லை. தீப்பொறி வருகிறதா என்று கேட்டோம். புரோக்கர் சட்டைப்பையில் இருந்து ஒரு பிளக்கை எடுத்தார், வயரில் மாட்டினார், பிளாக்கில் வைத்துக் கயிற்றை இழுத்தார். நீல நிறத்தில் பொறி தெறித்தது. எஞ்சினில் இருக்கிற பிளக்குகளைக் கழற்றச் சொன்னதற்கு, "பழைய பிளக் அண்ணே, சூடாக்காம கழற்றினா நூல் போயிடும், மெக்கானிக்கை வைச்சு சூடாக்கிக் கழற்றுங்க" என்றார். கேட்க அக்கறையாகத்தான் இருந்தது. 34,000-க்கு முடிந்தது.

எங்கள் ஊர் மெக்கானிக் மாமா பிளக்கைக் கழற்ற ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நூலும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. கழற்றிவிட்டுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். இரண்டு துளையில் இருந்தும் கருப்பு எண்ணெய் பீச்சி அவர் லுங்கியில் அடித்தது. ஓ.பி.எம்.மில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்ற வைக்கிற தண்டு, நெட்டுக்குத்தாக நிற்கும், சிலிண்டர் படுத்திருக்கும். பிளக் துளை வழியாகக் கெட்டி எண்ணெயை ஊற்றிவிட்டால் அது சிலிண்டரின் அடிச்சுவரில் தேங்கி, பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை அடைத்துக்கொள்ளும். தேய்ந்து போன எஞ்சினுக்கும் புது எஞ்சின் மாதிரி கம்ப்ரஷன் வரும், எண்ணெய் வடியும் வரை. மாமா விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார். "டூ ஸ்ட்ரோக்குக்கு ஊத்துற டூ டி ஆயில் இல்ல மக்கா, லாரிக்கு ஊத்துற ஆயிலாக்கும் இது."

எண்ணெயைத் துப்ப வைத்துவிட்டுக் கம்ப்ரஷன் அளக்கிற கேஜ் மாட்டினார். மேல் சிலிண்டர் 90 காட்டியது, கீழ் சிலிண்டர் 55. இரண்டும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப் போக வேண்டும். இது கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைவு. அப்புறம் ஹெட்டைத் திறந்தார். தண்ணீர் போகும் வழி எல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு இறுகிக் கிடந்தது, ஸ்க்ரூடிரைவரால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. கீழ் சிலிண்டர் சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. கிராங்க் அறையைப் பிரித்ததும் மாமா எழுந்துபோய்க் கை கழுவிவிட்டார். பேரிங் ஊசிகள் பழுப்பாகத் துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

கார்பரேட்டர் அடைத்து நின்ற எஞ்சின் இப்படி இருக்காது. இது தண்ணீர் குடித்த எஞ்சின். அலையில் வள்ளம் கவிழ்ந்து கடலுக்குள் போய், எடுத்த பிறகு யாரும் கவனிக்காமல் விட்டது. எங்கள் கரையில் அலை உடையும் இடத்தில் கவிழ்வது புதுசு இல்லை, எஞ்சின் முங்குவதும் புதுசு இல்லை. முங்கிய எஞ்சினையும் காப்பாற்றலாம். எடுத்த உடனே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும். மெக்கானிக் கிடைக்காவிட்டால் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் முக்கி வைப்பதுகூட நல்லது, ஏனென்றால் உப்புத் தண்ணீர் பட்ட பேரிங்கைத் தின்பது காற்றுதான். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் முடிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்குக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது, எரிபொருளோடு கலந்து வருகிற எண்ணெய்தான் பேரிங்குக்கும். கிராங்கும் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது, ஸ்பேனரை வைத்துப் பிரித்து மாட்டுகிற சாமான் இல்லை. முழு செட்டாக மாற்றத்தான் நேரும்.

கியர்பாக்ஸ் எண்ணெய் சுத்தமாக இருந்ததற்குக் காரணம், அது அன்றைக்குக் காலையில் ஊற்றியது. கொஞ்சமும் கருக்காத எண்ணெய், ஓடிய கியர்பாக்ஸில் இருக்காது. சுத்தமான எண்ணெயைப் பார்த்து யாரும் சந்தோஷப்படாதீர்கள். அழுக்கு எண்ணெயாவது நடந்ததைச் சொல்லும்.

ஸ்டிக்கரும் பொய். சுசுகியில் இந்த 9.9-ம் 15-ம் ஒரே 284 சிசி பிளாக்தான். யமஹாவிலும் டூ ஸ்ட்ரோக் 9.9-க்கும் 15-க்கும் ஒரே 246 சிசி. பெரும்பாலும் கார்பரேட்டரும் அதைச் சார்ந்த சில பாகங்களும்தான் வேறு. உறையை மாற்றிப் போட்டு ஸ்டிக்கரை ஒட்டினால் வெளியே பார்க்கிறவருக்குத் தெரியாது. எங்களுக்குக் கிடைத்தது 9.9. எண் பொறித்த தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் துளையும் அதன் மேல் பெயிண்ட்டும் இருந்தன. அதைக் கேட்டபோது "துரு ஏறி விழுந்துடுச்சு" என்றிருந்தார். தகடு இல்லாத எஞ்சினை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். படகுப் பதிவிலும் மானிய மண்ணெண்ணெய் விஷயத்திலும் எஞ்சின் எண் கேட்பார்கள். அது திருட்டு எஞ்சினாக இருந்தால் உங்கள் வள்ளத்தில் இருந்துதான் கழற்றிப் போவார்கள்.

புரோக்கருக்குப் போன் போட்டேன். சத்தமே போடாமல் பதில் சொன்னார்: "ஓடாத எஞ்சினைத்தானே அண்ணே விற்றேன்? ஓடும்னு எழுதிக் கொடுத்தேனா? நீங்களும் பார்த்துத்தானே எடுத்தீங்க." ரசீது கிடையாது, சாட்சி மச்சான் மட்டும்தான். அடுத்த முறை அழைத்தபோது போனை எடுக்கவில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் போட்ட கணக்கைத்தான் எல்லோருக்கும் சொல்ல நினைத்து இதை எழுதுகிறேன். ஓடாத எஞ்சினுக்கு விலை பேசும்போது எல்லோரும் மேலே இருந்து கீழே வருகிறோம். ஓடுகிற 9.9 எங்கள் கரையில் எழுபதாயிரம் வாக்கில் போகிறது, இது ஓடவில்லை, அதனால் பாதி விலை, கொஞ்சம் பேசிக் குறைத்தால் லாபம் என்று தோன்றும். மாமா கீழே இருந்து மேலே போகிறார். உள்ளே எல்லாம் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கழற்றி விற்றால் என்ன தேறும்? கியர்பாக்ஸோடு கூடிய கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி, ஒன்பதாயிரம். கார்பரேட்டர், தீப்பொறி தருகிற காயில், சிடிஐ எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம். உறை, புரொபெல்லர் இரண்டாயிரம். மிச்ச அலுமினியம் ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடை) எடை போட. ஆக மொத்தம் பதினாறு, பதினேழு. "அதுக்கு மேல குடுக்குற ஒவ்வொரு ரூபாயும் அவன் வாயில இருந்து வந்த கதைக்குக் குடுக்குற காசு" என்றார்.

சரி, நிஜமாகவே கார்பரேட்டர் அடைப்பு மட்டும்தான் என்றால்? அப்படியும் இருக்கலாம்தான். ஆனால் ஆயிரம் ரூபாய் செலவில் ஓடுகிற எஞ்சினை ஓட்டிக் காட்டி எழுபதுக்கு விற்காமல், ஓடாமல் முப்பத்தைந்துக்கு எந்தப் புரோக்கர் விற்பார்? கடலுக்குப் போகிற மீனவர் விற்றாலாவது அவசரம், கஷ்டம் என்று புரிந்துகொள்ளலாம். பழைய எஞ்சின் வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் ஒரு கார்பரேட்டரைக் கழுவ மாட்டாரா? அவர் நிச்சயம் கழுவிப் பார்த்திருப்பார். அது ஓடவில்லை.

அதனால் இனிமேல் நாங்கள் இரண்டு விலைதான் சொல்கிறோம். டிரம்மில் தண்ணீர் வைத்து ஓட்டிக் காட்டி, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறும் துளை வழியாகப் பீச்சுவதையும் காட்டினால் 60,000. ஓடாமல் இப்படியே என்றால் 15,000. வித்தியாசம் 45,000. அடைப்பு மட்டும்தான் என்பது உண்மையானால் ஒரு மத்தியான வேலைக்கு இவ்வளவு லாபத்தை எவரும் விட மாட்டார். இந்தப் பேச்சை எடுத்ததும் "வேற ஆள் பார்த்துட்டுப் போயிருக்காரு அண்ணே" என்று நழுவினால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

பார்க்கப் போகும்போது பிளக் ஸ்பேனரும் டார்ச்சும் நீங்களே கொண்டு போங்கள். முதல் வேலை பிளக் கழற்றுவது. கழற்றிவிட்டுக் கயிற்றைப் பத்து இருபது தடவை நன்றாக இழுத்து, உள்ளே என்ன இருந்தாலும் துப்ப வைத்து, அதன் பிறகு கேஜ் போடுங்கள். ஃப்ளைவீலை (எஞ்சினின் மேலே இருக்கும் சுழல் சக்கரம்) இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது மணல் அரைபடுவது போல் கையில் தெரிந்தாலும் அதேதான். வள்ளத்தில் பூட்டுகிற கிளாம்ப் திருகுகள் திரும்புகின்றனவா, எஞ்சின் மேலே தூக்கி நிற்கிறதா என்பதும் முக்கியம். உப்பில் இறுகிய போல்ட்டை முறித்துவிட்டு டிரில் போட்டு எடுப்பதற்கு ஆகும் கூலி சில நேரம் எஞ்சின் விலையில் கால் பங்கு வரும். காலின் நீளம் உங்கள் வள்ளத்துக்குப் பொருந்துமா என்று அளந்துவிடுங்கள், குட்டைக் கால் 15 அங்குலம், நெட்டைக் கால் 20. புதுப் பெயிண்ட் இருந்தால் விலையைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்.

எங்கள் எஞ்சினின் காலை ஒரு சொந்தக்காரர் ஒன்பதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார், கார்பரேட்டர் இன்னும் விற்கவில்லை. கழுவிப் பார்த்தோம், அதில் அடைப்பு எதுவும் இல்லை. இப்போது அதே புரோக்கர் வேறொரு எண்ணில் இருந்து ஒரு 25 குதிரைச் சக்தி யமஹாவின் படத்தைக் குழுக்களில் போட்டுக்கொண்டிருக்கிறார். வள்ளக்காரர் கல்ஃபில் இருக்கிறாராம், ஒரு வருஷமாகச் சும்மா கிடக்கிறதாம். யாராவது பார்க்கப் போனால் அவர் சட்டைப்பையில் இருக்கும் பிளக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எஞ்சினில் இருக்கும் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள்.