வேனுக்கு சோலார் போடப் போகிறீர்களா? என் 78,500 ரூபாய் போன கதையைக் கேளுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய டெம்போ டிராவலர் ஒன்றைக் குடும்பத்தோடு தங்கிப் பயணம் போகிற வண்டியாக மாற்றியிருக்கிறோம். அதற்கான சோலார் சாமான்களை பெங்களூரு எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பேட்டரிக் கடையில் வாங்கினேன். புகார் நடப்பதால் பெயர் வேண்டாம். 400 வாட் பேனல், எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி ஏற்றும் பெட்டி), 200 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரி, 1000 வாட் இன்வெர்ட்டர், பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து 78,500 ரூபாய்.

என் கன்னடத்தைக் கேட்டதுமே கடைக்காரர் சிரித்துவிட்டு, "அண்ணாவுக்கு எந்த ஊர்?" என்று தமிழுக்கு மாறினார். வாணியம்பாடி என்றதும் நாற்காலி வந்தது, டீ வந்தது. ஃப்ரிட்ஜ் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடும் என்று விசாரித்து, ஒரு அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பேட்டரியின் 12.8 வோல்ட்டை 200-ஆல் பெருக்கி, அதில் சேமிக்கக்கூடிய மின்சாரம் 2,560 வாட்-அவர் என்று இரண்டு கோடு இழுத்தார். கணக்கில் பிழையே இல்லை. "மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரை உங்கள் தலையில் கட்ட மாட்டேன் அண்ணா, பாதி வெயில் வீணாகிவிடும்" என்று அவராகவே சொன்னார். இப்படிப் பாடம் நடத்துகிறவர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஜி.எஸ்.டி. பில் கேட்டேன். மாலையில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

முதல் பயணம் மசினகுடிக்கு. பகல் முழுக்கச் சுள்ளென்று வெயில். மறுநாள் விடிவதற்குள் ஃப்ரிட்ஜ் நின்றுபோய், இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டு வரை வழிந்திருந்தது.

போன் செய்தேன். "மேகமாக இருந்திருக்கும் சார்." மறுபடி செய்தேன். "ஃப்ரிட்ஜில் கோளாறு சார்." அடுத்து, "லித்தியம் புதிதில் அப்படித்தான், போகப் போகச் சரியாகும்." அப்படி ஒன்று லித்தியத்தில் கிடையவே கிடையாது! கடைசியில், "முதலாளி ஊரில் இல்லை." சொன்னது அதே முதலாளியின் குரல்.

அல்சூரில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மச்சான் வந்து உச்சி வெயிலில் மீட்டர் வைத்தார். பேனல் பக்கம் 13.4 வோல்ட், பேட்டரி பக்கம் 13.3. உண்மையான எம்.பி.பி.டி. என்றால் இந்தப் பேனலை 30 வோல்ட் சுமாரில் ஓடவிட்டு, உபரி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். இதுவோ பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்து வைத்திருக்கிறது. 400 வாட் பேனலிலிருந்து வந்தது 160 வாட். கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றினால், வோல்ட்டை மாற்றித் தர வேண்டிய கம்பிச் சுருள், அதாவது காயில், உள்ளே இல்லவே இல்லை. வெளியே மட்டும் எம்.பி.பி.டி. என்று கொட்டை எழுத்து. அவர் வேண்டாம் என்ற அதே பி.டபிள்யூ.எம்.தான்! பேட்டரியைத் தராசில் ஏற்றினோம். 11 கிலோ. நல்ல தயாரிப்புகளில் 200 ஏ.எச். என்றால் 20 கிலோ அளவில் இருக்கும்.

நேரில் போனேன். நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. "மூடியைக் கழற்றிவிட்டீர்கள், வாரன்டி போய்விட்டது சார்." எடையைக் கேட்டால், "புது மாடல், லேசாகத்தான் வரும்." 78,500 ரூபாய்! வண்டிக்காக இரண்டு வருடம் சேர்த்த பணம்.

ஒவ்வொரு பாகத்தையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்திருந்தேன்; இப்போது பொறுமை இல்லை. பேட்டரியைக் கடையிலேயே எடை போடச் சொல்லுங்கள். பேட்டரி நிறையாதபோது, நல்ல வெயிலில் கன்ட்ரோலரின் இரண்டு பக்கமும் வோல்ட் பாருங்கள். என்னுடையதுபோல் பேட்டரியைவிட அதிக வோல்ட் உள்ள பேனலைப் போட்டும் இரண்டும் ஒன்றாக இருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். பில் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதைப் போடவே இல்லை. 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்கு வைத்ததோ மிக்ஸி வயர் மாதிரி ஒரு வயர். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமில்லை. யு.பி.ஐ.யில் பணம் போன ரசீதும், அவர் கையெழுத்தில் 2,560 என்று எழுதிய அட்டையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.